எழுத்தில்லாத போல்ட்டுகள்

திகனயில் என் பழைய காரை விற்கவிருந்தேன். தெல்தோட்டையிலிருந்து அதைப் பார்க்க வந்த டீச்சர், டோர்ச் அடித்து ஒவ்வொரு போல்ட்டின் தலையையும் ஆராய்ந்தார்.

“எல்லாம் ஒரிஜினல்தான் டீச்சர்,” என்றேன்.

“வலதுபக்க மட்காட் போல்ட்டுல எல்லாம் கம்பெனி எழுத்து இருக்குங்க. இடதுபக்கம் ஒண்ணுலயும் இல்லையே, ஏன்?”

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். கடுகண்ணாவை மலைப்பாதை வளைவில் கார் மதிலில் மோதி, இடதுபக்க மட்காட்டையும் போல்ட்டுகளையும் மாற்றியதை யாருக்கும் சொல்லாதிருந்த நான், அவரிடம் சொல்லிவிட்டேன்.

“காரோட அடிச்சட்டம், சேசி வளைஞ்சுச்சா?”

“கொஞ்சம். நிமிர்த்தின.”

“அப்ப அதையும் பார்த்துட்டு வாங்குறேன்.”

மறுவாரம் மெக்கானிக்கோடு வந்து சோதித்து, காரை வாங்கிப் போனார்.

அந்தக் காரை ஓட்டப்போகிறவரிடமே விபத்தை மறைக்கப் பார்த்தேனே என்று இன்றும் மனம் கூசுகிறது.