ஒயருக்குப் போட்ட ஸ்வெட்டர்

கோவையில் ஓர் இசைக்குழுவுக்குக் கிட்டார் வாசிக்க ஆள் தேவை என்று தெரிந்த அன்றே எழுதிப் போட்டுவிட்டேன். ஞாயிறு மாலைக்குள் ஒரு நிமிடம் வாசித்து, பதிவு செய்து அனுப்பச் சொன்னார்கள். வாசிப்பில் பயமில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் பதிந்ததைக் கேட்டால், எலக்ட்ரிக் கிட்டார் போர்வைக்குள் படுத்துக்கொண்டு முனகியது. இதை அனுப்பினால் பத்து நொடியில் மூடிவிடுவார்கள்.

பனியன் துணி பின்னும் அப்பாவின் நிட்டிங் யூனிட்டுக்கு மேல்மாடியில்தான் எங்கள் வீடு. போனில் பேச்சு விளங்காவிட்டாலும், டிவி கேட்காவிட்டாலும், பழி கீழே ஓடும் மெஷின் மேல்தான். நானும் அதன்மேலேயே போட்டேன். காதர்பேட்டைத் துணிக்கடைகளுக்குப் போய், குளிர்கால ஸ்வெட்டர் தைக்கும் தடித்த துணியை வாங்கிவந்து நான்கு சுவரிலும் ஜன்னலிலும் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். அறை அடுப்பானது. பதிவில் அதே முனகல்.

ஞாயிறு காலை அக்கா எட்டிப் பார்த்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர்; துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களின் ஆர்டரைக் கவனிப்பது அவள் வேலை.

"ஏன்டா, ரூமுக்கு ஸ்வெட்டர் போட்டுட்டயா?"

"மெஷின் சத்தம் உள்ள வருதுங்கக்கா. அதான் டல்லடிக்குது."

"மைக் எங்க?"

"மைக்கே இல்லீங்கக்கா. கிட்டார்ல இருந்து ஒயர் நேரா இந்தப் பொட்டிக்குப் போகுது. அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு."

"அப்பப் பொட்டிக்குக் காது கேக்காது. ஒயருக்குக் குளுருதுன்னு துணி போட்டயா கண்ணு?"

ஜன்னலில் தொங்கிய துணியைக் கழற்றினேன். அவள் விடாமல் கேட்டாள். "என்னென்ன மாத்திப் பாத்த?"

"எல்லாத்தையும் ஒரே நேரத்துல."

"கெட்டுது போ!"

சாயப்பட்டறையில் ஒரே நிறத்தைச் சற்றே மாற்றி மாற்றி ஏ, பி, சி என்று சிறுசிறு துண்டுகளில் ஏற்றி அனுப்புவார்கள். பையர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். லேப் டிப் என்பார்கள். அதைப் போலவே செய்யச் சொல்லிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பையராக உட்கார்ந்தாள்.

ஒரே நான்கு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம். ஏ, பழையபடி. பி, கிட்டாரின் டோன் குமிழை முழுக்கத் திறந்து. "துளி தேவல." சி, இருபதடி ஒயருக்குப் பதில் ஆறடி ஒயர். "இன்னும் கொஞ்சம்."

மிச்சமிருந்தது பெட்டியில் 'இன்ஸ்ட்' என்று எழுதிய ஒரு பொத்தான்தான். வாங்கிய அன்று அதை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஏதோ கோளாறு என்று பயந்து உடனே அதை அணைத்துவிட்டேன். இப்போது பெட்டியோடு வந்த கையேட்டை நிதானமாகப் படித்தால், நேராகச் செருகும் கிட்டாருக்கென்றே வைத்த பொத்தான் அது. அழுத்தாவிட்டால் கிட்டாரின் கூர்மையான ஒலிகள் அமுங்கிப்போகும். சிவப்பு விளக்கு, ஒலியளவைக் குறை என்பதற்கு.

குறைத்தேன். அழுத்தினேன். டி.

மீட்டும்போது கம்பியில் பிளாஸ்டிக் பிக் உரசுவதுகூடக் கேட்டது. அக்கா ஹெட்போனைக் கழற்றவில்லை. "டி ஓகேடா. இதா நீ வாசிக்கிறது? நல்லா இருக்குதே!" அவள் என் வாசிப்பைப் பற்றி ஒரு சொல் சொன்னது அதுதான் முதல் தடவை.

மதியமே ஒரு நிமிடத்தையும் பதிந்து அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது: 'சவுண்ட் அருமை. வேகம் மட்டும் போகப்போக ஏறுது. சனிக்கிழமை ப்ராக்டிஸுக்கு வாங்க, பாக்கலாம்.'

வேகமா? அது ஒயரில் இல்லை, பொத்தானில் இல்லை, என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. போனில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமைத் தட்டிவிட்டு, கிட்டாரோடு உட்கார்ந்தேன்.