கம்பி அளக்கும் பலகை

கோவை உக்கடத்தில் சஹீர் பாய் கடைக்கு வழி கேட்க வேண்டியதில்லை. சத்தம் வரும் திசையில் நடந்தால் போதும். சுத்தியல் சத்தம் இல்லை, பாயின் வாய்ச் சத்தம். பைக் சக்கரத்தைப் பிரித்து, புதுக் கம்பி கோத்து, கோட்டம் எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். பக்கத்துக் கடையில் வண்டி சீட்டுக்கு உறை தைப்பது என் தொழில். அவர் பேச்சைக் கேட்பது என் தலைவிதி.

கம்பி என்று நாங்கள் சொல்வது ஸ்போக்ஸைத்தான். அதன் அளவு விளையாட்டுக் காரியமில்லை. நீளம் கூடினால் முனை ரிம்முக்குள் துருத்திக்கொண்டு ட்யூபைக் குத்தும். குறைந்தால், முனையைப் பிடித்திருக்கும் நிப்பிளுக்குள் மரை போதுமான அளவு ஏறாது. பாரம் ஏற ஏறக் கழன்றுவிடும். ஒரே சக்கரத்தில்கூட பிரேக் ட்ரம் பக்கம் ஒரு நீளம், மறுபக்கம் ஒரு நீளம் என்று வரும். ரிம்மை மாற்றினாலோ மறுபடியும் முதலிலிருந்து அளக்க வேண்டும்.

பாய் இதற்கெல்லாம் ஸ்கேலைத் தொட்டதே இல்லை. அவரிடம் ஒரு வேப்பம்பலகை இருந்தது. ஒரு முனையில் ஒரே ஒரு துளை, மறுமுனையில் ஆணியால் கீறிய குறுக்குக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் வண்டியின் பெயர், ட்ரம் பக்கமா மறுபக்கமா என்ற குறி. கம்பியின் வளைந்த தலையைத் துளையில் மாட்டி, விறைப்பாக இழுத்துப் பிடித்து, கோடு வரும் இடத்தில் வெட்டி மரை போடுவார். யாராவது அளவு டேப்பை எடுத்துவிட்டால் தொலைந்தார்கள்.

"ஏனுங்க, இதென்ன ஜாக்கெட் தைக்கிற கடையா? எடுத்து உள்ள வைங்க" என்பார்.

இப்படிப்பட்ட மனிதரின் சக்கரங்கள் போன வருடம் ஆடத் தொடங்கின. கட்டிக்கொண்டு போன சில நாளிலேயே வண்டிகள் திரும்பி வந்தன. பாய் முதலில் நிப்பிளைத் திட்டினார். "இப்ப வர்ற நிப்பிளெல்லாம் நீளம் கூடப் போயிருச்சுங்க. கம்பி எட்டவே மாட்டேங்குது." அப்புறம் குழாய் பதிக்கத் தோண்டிய ரோட்டைத் திட்டினார். சரவணம்பட்டியிலிருந்து புல்லட்டில் வந்த மெர்சி என்ற பெண்ணையே, "அம்மணி, நீங்க பள்ளம் பாத்து ஓட்டறதில்ல" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போனது. ஆனால் திரும்ப வரவில்லை.

திட்டுவதற்கு ஆள் தீர்ந்ததும் தன்னையே பிடித்துக்கொண்டார். "நரசிம்மலு, என் கை போயிருச்சுங்க. முறுக்கு எவ்வளவு வைக்கணும்னு கைக்குத் தெரிய மாட்டேங்குது" என்றார் என்னிடம் ஒருநாள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. கரும்புக்கடையில் மச்சானுக்குப் பிரியாணிக் கடை இருக்கிறது, அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். அவர் வாயை மூடமாட்டாரா என்று வருடக்கணக்கில் வேண்டியவன் நான். மூடியபோது எனக்குப் பயமாகிவிட்டது.

மெஹராஜுக்கும் அதே கவலைதான். அவர் பாயின் மனைவி. வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறார், பேச்சில் பாய்க்கு இளைத்தவரில்லை. ஒருநாள் மத்தியானம் கையில் ஒரு பழைய கம்பியோடு கடைக்கு வந்தார். பாய் எப்போதோ கட்டி, இன்னும் ஆடாமல் ஓடிக்கொண்டிருக்கும் தன் தம்பி வண்டியின் சக்கரத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தார். அதே ரக வண்டியின் அதே பக்கத்துக்குப் பாய் அன்று வெட்டி வைத்திருந்த புதுக் கம்பியை எடுத்து இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தார். பழையது ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், நீளமாக இருந்தது.

"இதப் பாருங்க" என்றார்.

"பழைய கம்பி. வெயில்ல நீண்டிருக்கும்" என்றார் பாய்.

"வெயில்ல நீள்றதுக்கு அதென்ன வெள்ளரிக்காயாங்க?"

பாய் கோபத்தோடு பழைய கம்பியைப் பலகையில் மாட்டி இழுத்தார். முனை கோட்டைத் தாண்டி நின்றது. மெஹராஜ் பலகையைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினார். மாட்டி மாட்டி, இழுத்து இழுத்து, அந்தத் துளை கோடுகள் இருக்கும் பக்கமாகத் தேய்ந்து புளியங்கொட்டை மாதிரி நீண்டுபோயிருந்தது. துளை நகர நகரக் கம்பி குட்டையாகிக்கொண்டே வந்திருக்கிறது. எல்லா வண்டிக்கும் அளவு தொடங்குவது அந்த ஒரே துளையிலிருந்துதான்.

"கை போகலீங்க! பலகைதான் போச்சு!" என்று பாய் எழுந்து குதித்தார். என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்கும் கண் கலங்கியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதி சிரிப்பிலேயே அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப இந்த அளவுல கட்டுன வண்டியெல்லாம் ரோட்டுல ஓடுதுங்களே."

அன்றே ஃபோனை எடுத்தார். பெயர் ஞாபகம் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, "தப்பு எம்மேலதானுங்க, வண்டியைக் கொண்டாந்துருங்க" என்றார். மெர்சியிடம் மன்னிப்பும் கேட்டார். கடை வாசலில் வண்டிகள் சேர்ந்தன. மெஹராஜ் வாங்கிவந்த இரும்பு ஸ்கேலில் அளந்து பாய் ஒவ்வொன்றாகக் கம்பி மாற்றினார். வெள்ளகோவில் மாசாணம் ஒருவர்தான் வரவில்லை. வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர். "வண்டி நல்லாத்தான் ஓடுதுங்க பாய், கறவைய உட்டுப்போட்டு எப்படி வாரது?" என்றுவிட்டார்.

பாய்க்குத் தூக்கமில்லை. இருப்பதிலேயே அதிக பாரம் சுமக்கிற வண்டி அதுதான். சரியாக அளந்து வெட்டிய கம்பிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு, சிங்காநல்லூரில் பஸ் ஏறிவிட்டார்.

மாசாணம் வீட்டு வாசலில் பின்சக்கரத்தைப் பிரித்தோம். சில நிப்பிள்களில் இரண்டே சுற்று மரைதான் பிடித்திருந்தது. ஒன்றைப் பாய் தொட்டதும் கம்பி கையோடு வந்துவிட்டது. அவர் அதை மறைக்கவில்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்று தூக்கிக் காட்டினார்.

மாசாணத்தின் மனைவி பழனியாத்தாள் பிடித்துக்கொண்டார். "ஏனுங் பாய், பாலு கொட்டுனா தொடச்சுக்கலாம். இந்த மனுசன் ரோட்டுல உழுந்து கெடந்திருந்தா என்னுங்க பண்ணியிருப்பீங்க?"

"தப்புதானுங்க" என்றார் பாய். புதுக் கம்பி கோத்து, ஒவ்வொரு முனையும் நிப்பிளை நிறைத்து நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, கோட்டம் எடுத்து முடிக்கும் வரை அந்த அம்மாள் ஓயவில்லை. எனக்கே கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் என்ன தப்பு?

சாயங்காலப் பால் கேன்களை இரண்டு பக்கமும் மாட்டினார்கள். மாசாணம் மரியாதைக்காரர். ஆனால் வண்டியில் ஏறாமல் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். காலால் லேசாக உதைத்துப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார். பாய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

பழனியாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். "நகருங்க" என்று புருசனைத் தள்ளிவிட்டு, இரண்டு கேன்களுக்கும் நடுவில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"இன்னும் என்ன பாத்துக்கிட்டு? நானும் டவுனு வரைக்கும் வாரேன். எடுங்க, நேரமாகுது."

மாசாணம் வண்டியை எடுத்தார். மண்பாதையில் இறங்கி, மேடேறி, வேலி ஓரம் திரும்பும் வரை பாய் பின்சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கன்னத்தில் ஓடியதைத் துடைக்கவுமில்லை.

"நேராப் போகுதுங்க, நரசிம்மலு" என்றார்.