கோழி வயிற்றில் கல்

மேய்ச்சல் கோழி வளர்ப்பில் கீரியையும் பருந்தையும் சமாளித்துவிடலாம். வாங்க வருகிறவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. கீரிப்பாறை போகும் வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவே கோழிகளை அவிழ்த்துவிட்டு வளர்க்கிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் உங்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது.

கலப்படம்

நாகர்கோவிலில் இருந்து வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கோழி வாங்கிப் போனார். மறுநாள் காலையிலேயே ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்து நின்றார். உள்ளே கோழியின் அரைவைப்பை, இரையை அரைக்கும் அந்த வயிற்றுப் பை, பிளந்தபடி. அதில் பொடிக்கற்கள், புல் நார், ஒரு வண்டின் ஓடு. எடை கூடுவதற்காகக் கல்லை ஊட்டிவிட்டேன் என்பது அவர் குற்றச்சாட்டு.

கோழிக்குப் பல் கிடையாது, கல்லை அதுவே பொறுக்கி விழுங்கும், அந்தக் கல்லை வைத்துத்தான் இந்தச் சதைப்பை புல்லையும் பூச்சியையும் அரைக்கும், வெளியே மேய்கிற கோழிக்கு அரைத்து அரைத்தே இது பெருத்து இறுகும் என்று விளக்கினேன். காலமெல்லாம் பாடம் எடுத்தவர் அல்லவா, தலையாட்டிக் கேட்டார். பிறகு கவரை முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அது செரி. கல்லு இல்லாத கோழியா ஒண்ணு பாத்துத் தாரும்."

வெள்ளை ஷூ

டவுனில் ஒரு மண்டபத்தில் கோழி வளர்ப்புப் பயிற்சி. வந்திருந்த நிபுணர் திரையில் படம் காட்டி, மண்ணைக் கிளறி மேய்கிற கோழிக்குக் குடலும் அரைவைப்பையும் எப்படி வளர்கின்றன என்று விளக்கினார். சொன்னதில் தப்பே இல்லை. ஆசாமி உயிருள்ள கோழியை எப்போதாவது பக்கத்தில் பார்த்திருப்பாரா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

அடுத்த வாரம் வீடியோ எடுக்க என் தோட்டத்துக்கே வந்தார், வெள்ளை ஷூவோடு. ஷூ நாடாவைப் புழு என்று நினைத்து ஒரு சேவல் இழுத்தது. நிபுணர், அடுக்கி வைத்திருந்த செங்கல் மேல் ஏறி நின்றுகொண்டு, கேமராக்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "சார், இதுகளையெல்லாம் கூட்டுக்குள்ள அடைங்க. நான் மேய்ச்சலைப் பத்திப் பேசணும்."

ரிசார்ட் கோழி

வட்டக்கோட்டைப் பக்கம் ஒரு ரிசார்ட். அதன் மேனேஜருக்குக் கறி பஞ்சு மாதிரி இருக்க வேண்டும். வாசலில் 'தோட்டத்தில் மேய்ந்த கோழி' என்று போர்டும் இருக்க வேண்டும். நான் முடியாது என்றேன். என் மனைவி ஷீபாவின் தம்பி செல்வின், கத்தாரில் இருந்து வந்து என்னோடு கூட்டுச் சேர்ந்தவன், முடியும் என்றான். குஞ்சிலிருந்தே ஒரு கூட்டத்தைக் கொட்டகைக்குள் அடைத்து, மாவுத் தீவனம் மட்டும் போட்டு வளர்த்தான்.

மேனேஜர் விருந்தாளிகளைக் கூட்டிவந்த அன்று கதவைத் திறந்துவிட்டான். மழை பெய்து புல் முழங்கால் உயரம் நின்றது. அதுவரை புல்லையே காணாத கோழிகள் ஆவேசமாகப் பிய்த்துத் தின்றன. விருந்தாளிகள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் பார்த்தால், கழுத்தடியில் இரை தங்கும் பை கல்லாகக் கட்டி, ஒவ்வொன்றாகத் தலை தொங்கி உட்கார்ந்துவிட்டன. நானும் ஷீபாவும் ஒவ்வொன்றாக மடியில் வைத்து எண்ணெய் புகட்டித் தடவிக்கொடுத்தோம். சில பிழைத்தன. மற்றதையெல்லாம் ஷீபா குழி வெட்டிப் புதைத்தாள். அவள் மண் தள்ளிக்கொண்டிருந்தபோது மேனேஜர் போனில் கூப்பிட்டார்: "கெஸ்ட்டுக்கெல்லாம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு சார். அடுத்த வாரமும் இதே மாதிரி தொறந்து விடுவீங்கதானே?"

இரண்டு பை

பிழைத்த கொட்டகைக் கோழியில் ஒன்றையும், என் மேய்ச்சல் கோழியில் ஒன்றையும் ஷீபா அறுத்தாள். இரண்டின் அரைவைப்பையையும் தட்டில் வைத்து செல்வின் முன்னால் நீட்டினாள்.

"அமுக்கிப் பாரு மக்கா."

ஒன்று உழைத்தவன் புஜம் மாதிரி விறைத்து நின்றது. மற்றது அதில் பாதிகூட இல்லை; விரல் பட்டதும் அமுங்கியது.

"இந்த வயித்த வச்சுக்கிட்டு அதுக எப்படிலே புல்லை அரைக்கும்?" என்றாள்.

செல்வின் தட்டை வாங்கிக்கொண்டு தலை குனிந்தான். வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். நிமிர்ந்து சொன்னான்: "அக்கா, ரெண்டையும் சேத்துப் பொரிச்சா யாருக்குத் தெரியப்போவுது?"

கூட்டு அன்றே முறிந்தது. இப்போது அவன் அதே ரிசார்ட்டுக்கு பிராய்லர் கொடுக்கிறான், அங்கே வாசலில் போர்டு மட்டும் மாறவில்லை.

வெளியே மேய்ந்தால் கோழிக்கு வயிறு நன்றாக வளரும் என்பதற்கு நானே சாட்சி. வளர்க்கிறவனுக்கு வளர்வது வயிற்றெரிச்சல் மட்டும்தான்.