தம்பி மேல் வந்த நம்பர்

என் தம்பிக்குச் சாமி வரும். தாராவியில் எங்கள் தெருவில் இதை யாரும் அதிசயமாகச் சொல்லமாட்டார்கள். ‘அவனுக்கு சுகர் இருக்கு’ என்பது மாதிரிதான் சொல்வார்கள். அப்பா இருந்தவரை சுடலைமாடன் அவர்மேல் வந்தது. அவர் போனபின் தம்பியைப் பிடித்துக்கொண்டது. வருஷம் முழுக்கப் பை தைக்கும் கார்கானாவில் மிஷின் ஓட்டுவான். கோயில் கொடைத் திருவிழா அன்று மட்டும் கச்சையும் குல்லாவும் கட்டிக்கொண்டு ஆடுவான். ஜனம் வரிசையில் நின்று குறி கேட்கும்.

பெண்ணுக்கு வரன் எப்போது அமையும், சர்க்கார் கட்டித் தருவதாகச் சொல்லும் புது பில்டிங்கில் வீடு கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நடுவே ஒரு வருஷம் எவனோ மட்கா சூதாட்டத்துக்கு நம்பர் கேட்டான். தம்பி ஏதோ சொன்னான். அது விழுந்துவிட்டது. வினை அங்கேதான் பிடித்தது. நம்பர் விழுந்தால் சாமியின் சக்தி, விழாவிட்டால் கேட்டவன் சுத்தமில்லை. இந்தக் கணக்கில் சாமி தோற்கவே முடியாது. கேட்டவர்களைவிட அதிகம் நம்பியவன் என் தம்பிதான். உள்ளேயிருந்து யாரோ தனக்குச் சொல்லித் தருகிறார்கள் என்று போனில் கிரிக்கெட் பந்தயம் கட்ட ஆரம்பித்தான். கட்டுவதற்கு முன்னால் போனுக்குத் திருநீறு பூசுவான். அதைப் பார்த்துச் சிரித்தவள்தான் நானும். போகப்போக அவன் சம்பளம் முழுக்க அதிலேயே கரைந்தது.

பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நானும் என் மகளும் அம்மாவுடன் அதே வீட்டில்தான் இருக்கிறோம். பட்டப்பகலில் சாப்பிட வந்தவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். தோள் குலுங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, தன்னுடையதல்லாத ஒரு அடித்தொண்டைக் குரலில், “விடு... விட்டுரு... என்னால நிறுத்த முடியல” என்பான். சோறு அப்படியே ஆறிப்போகும். அம்மா ஓடிப்போய்த் திருநீற்றை அள்ளி வந்து அவன் நெற்றியில் பூசுவாள். “நேரங்கெட்ட நேரத்துல வந்திருக்கீயளே அய்யா, நாங்க என்ன கொற வச்சோம்?” என்று பெற்ற மகனின் காலில் விழுவாள். அவள் விழுந்தால் நானும் விழுவேன். விழாமல் நிற்கத் தைரியம் இல்லை.

ஒரு மத்தியானம் என் மகள் அவன் மடியில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சட்டென்று எழுந்து என்னிடம் வந்தாள்.

“யம்மா, மாமா என் முதுகுல பட்டன் அமுக்குதாரு.”

திரும்பிப் பார்த்தேன். போன் அலமாரியில் சார்ஜில் கிடந்தது. தம்பியின் கண்கள் திறந்திருந்தன. ஆனால் அவன் எங்களைப் பார்க்கவில்லை. பிள்ளை எழுந்துபோன வெறும் மடியில் அவன் கட்டைவிரல் தள்ளித் தள்ளி இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தது. பெயர் சொல்லி நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வேறு யாராவது திரும்பிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

மாட்டுங்காவில் ஒரு மளிகைக் கடையில் பில் போடும் வேலை எனக்கு. கூட வேலை செய்கிறவளின் அண்ணன் இப்படித்தான் பந்தயத்தில் விழுந்து, செம்பூரில் ஒரு மனநல டாக்டரிடம் போய்த் தேறியிருந்தான். அதை வீட்டில் சொன்னேன். அம்மா எரிந்து விழுந்தாள்.

“ஏட்டி, சாமி ஆடுதவன பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவியா? நாளைக்கு எவன் இவன்ட்ட திருநீறு வாங்குவான்? குடும்பத்துப் பேரு என்னாவும்?”

“பேர வச்சு நாக்கு வழிக்கவா?” என்று கத்தினேன். கத்தினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். ஒருவேளை சாமியாகவே இருந்தால்? டாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் அந்தக் கோபம் யார்மேல் இறங்கும்? என் பிள்ளைமேல் இறங்கினால் நான் என்ன செய்வேன்? தம்பியோ நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனான்.

அந்த வருஷக் கொடை வந்தது. மதிய பூஜைக்கு மேளம் முழங்கியது. தகரப் பந்தலுக்குக் கீழே வெக்கையும் சாம்பிராணிப் புகையும். வரிசையில் முக்கால்வாசிப் பேர் நம்பருக்கு வந்தவர்கள், மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்தது. தம்பி ஆடி முடித்து வல்லய ஈட்டியை ஊன்றி நின்றான். முதல் ஆள் கைகட்டி, “அய்யா, ஒரு நம்பர்” என்றான். யாரும் சைகை காட்டாமலே மேளம் நின்றது. தம்பி அந்த ஆளைப் பார்க்கவில்லை. கூட்டத்தைத் தாண்டி நேராக என்னைப் பார்த்தான். இமை அசையவில்லை. அதே அடித்தொண்டைக் குரல் பேசியது.

“என்ட்ட நம்பர் கெடையாது. எப்பவுமே கெடையாது. இந்தப் பய செத்துக்கிட்டு இருக்கான். இவன டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ.”

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, “உத்தரவு அய்யா” என்றாள். அத்தனை நாள் நான் கத்தியும் நடக்காதது அந்த ஒரு வார்த்தையில் நடந்தது. மறுவாரம் தம்பியை செம்பூருக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா பதறவில்லை. இது வியாதி, வைத்தியம் உண்டு என்றார். போனிலிருந்து அந்தப் பந்தய ஆப்பை எடுத்துவிடு, கொஞ்ச நாள் சம்பளம் அக்கா கையில் இருக்கட்டும், வாராவாரம் வந்து பேசு, பந்தயத்தை விட்டவர்கள் கூடிப் பேசும் இடத்துக்கும் போ, நடுவில் தவறினாலும் ஒளியாமல் வந்து சொல் என்றார். தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். எனக்கு மனசு கேட்கவில்லை.

“ஏல, அன்னைக்குக் கொடையில பேசுனது நீயா, சாமியா?”

“எனக்கு ஒண்ணும் நெனவில்லக்கா” என்றான். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சொன்னான்.

“கொடையில பேசுனது யாருன்னு தெரியாது. ஆனா வீட்ல அத்தன நாளும் விடு விடுன்னு அழுதது நாந்தான். நீங்கதான் சாமின்னு கால்ல விழுந்தீய.”