சிக்னேயின் போர்வை

பூனை கழுத்தை ரத்தம் வரச் சொறிந்துகொண்டிருந்தது. ஹால்வோர் தீனியை மாற்றினார், தரை துடைக்கும் சோப்பை மாற்றினார், செத்துப்போன மனைவி சிக்னே வளர்த்த தொட்டிச் செடிகளைக்கூடத் தூக்கி எறிந்தார். அரிப்பு அடங்கவில்லை.

"எங்க படுக்கும்?" என்று கேட்டார் கால்நடை மருத்துவர் யொருன்.

"சிக்னே படுத்த பக்கம். அவ போர்வை மேல."

"அதக் கடைசியா எப்ப வெளியில போட்டீங்க?"

உறைபனி இறங்கினால், குளிரில் பூச்சி சாகட்டும் என்று ஊரில் வீட்டுக்கு வீடு இறகுப் போர்வைகள் வெளியே தொங்கும். சிக்னே போன இந்தப் பதினான்கு மாதமாக ஹால்வோர் வீட்டில் அவருடையது ஒன்றுதான் தொங்கியது.

"தூசிப்பூச்சி மண்டிக் கெடக்கும், மனுஷா! நாள் முழுக்கப் பனியில போட்டுட்டு, சுடுதண்ணியில தொவைங்க."

"தொவைச்சா அவ வாசனை போயிடுமே."

"பூனைக்குத் தோலே போகுது, அது பரவாயில்லையா?"

துவைத்தார். காய்ந்ததும் பழைய இடத்திலேயே விரித்தார். பூனை ஏறி, ஒரு மூலை விடாமல் முகர்ந்து தேடியது. பிறகு இறங்கிப் போய், வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டே வாரத்தில் புண் ஆறிவிட்டது. அந்தக் கட்டிலில் மட்டும் பூனை மறுபடி ஏறவேயில்லை.