தண்ணி கேஸ்

1. மிதவை

1991. ஸ்ரீபெரும்புதூர் சாலையோரத்துச் சிறிய மருத்துவமனை ஒன்றில் நான் லேப் டெக்னீஷியன். பக்கத்துத் தொழிற்சாலையின் பிரஸ் ஷாப் ஆபரேட்டர் ஏழுமலையை அவருடைய சூப்பர்வைசரே அழைத்து வந்திருந்தார். பின்னால் மனைவி செல்வி. ஷிப்ட்டில் ஆள் மெஷினில் நிற்பதே இல்லையாம்; குழாயடி, விட்டால் கக்கூஸ்.

"தண்ணி கேஸ் சார் இவன். நோவுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா சரி. இல்லன்னா வேலை போச்சு."

"நான் குடிக்கிறது வெறும் பச்சத்தண்ணி சார்" என்றார் ஏழுமலை. பேச்சு என்னிடம், கண் என் மேஜைக் கூஜாவில்.

சர்க்கரை என்றுதான் நினைத்தேன். பெனடிக்ட் கரைசலில் சிறுநீரை விட்டுக் காய்ச்சினேன். நீலம் நீலமாகவே நின்றது. ரத்தத்திலும் சர்க்கரை சரியாக இருந்தது. அடர்த்தி பார்க்கும் கண்ணாடி மிதவையை விட்டேன். குழாய்த் தண்ணீரில் போட்டதுபோல் கழுத்துவரை அமிழ்ந்தது. நிறமில்லை, நெடியில்லை. மழை விட்டுத் தெளிந்த ஏரியைக் குடுவையில் மொண்டது மாதிரி இருந்தது.

2. கிருத்திகை

நிறையக் குடிப்பதால் போகிறதா, போவதால் குடிக்கிறாரா? எங்கள் டாக்டரம்மாவின் குழப்பம் அதுதான். செல்வியைக் கேட்டார்.

"போன கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனுக்கு ரெண்டு பேரும் பச்சத்தண்ணி பல்லுல படாம வெரதம்மா. மத்தியானத்துக்கு மேல எனக்கு ஒண்ணுக்கே வர்ல. இது இன்னாடான்னா அப்பவும் ஓடிக்கினே கீது. பொழுது சாய சொல்ல மயங்கி வுழுந்துடுச்சு."

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இனி அந்த விரதம் கூடவே கூடாது, உயிருக்கு ஆபத்து என்றார். மறுநாள் வார்டில், உறுதி செய்துகொள்ள, எங்கள் கண்ணெதிரில் தண்ணீரை நிறுத்தினோம். அடிக்கடி எடை, அடிக்கடி மிதவை. எடை இறங்கியது, மிதவை எழும்பவே இல்லை; சிறுநீர் தண்ணீராகவே போனது. போதும் என்று டாக்டரம்மாவே தம்ளரை நீட்டினார்.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஹார்மோன் ஊசி போட்டதும் அடர்த்தி ஏறியது. சிறுநீரகத்தில் கோளாறில்லை; நீரைப் பிடித்து வை என்று மூளையடியிலிருந்து வரவேண்டிய ஹார்மோன்தான் வரவில்லை. டயாபடீஸ் இன்சிபிடஸ். மூக்கில் விடும் மருந்து கொடுத்தார்கள்.

3. ரிப்போர்ட்

"சுகர் இல்லன்னீங்க, அப்புறம் இன்னா நோவு?" என்றார் சூப்பர்வைசர்.

"நீரிழிவு சார். சர்க்கரை இல்லாத நீரிழிவு."

"அப்ப நான் சொன்னது?"

"சரியாத்தான் சொன்னீங்க. தண்ணி கேஸ்தான்."

அவர் சிரித்துவிட்டு, சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஏழுமலை மெஷினுக்குத் திரும்பினார்.

லேபுக்குப் புதிதாய் வருகிறவர்களுக்கு: நீரிழிவு என்ற சொல்லில் சர்க்கரை இல்லை, நீர்தான் இருக்கிறது. சர்க்கரை இல்லை என்று எழுதிய கையோடு நோயே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்த முறை ஏழுமலை வந்தபோதும் கூஜா அதே இடத்தில்தான் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.