அய்யாத்துரை அத்தானும் அரை பேட்டரியும்

என் அக்கா ஞானசெல்வியின் வீட்டுக்காரர் அய்யாத்துரை அத்தானுக்குப் போடி பஜாரில் பாத்திரக்கடை. எந்தப் பொருளையும் தேய விடக்கூடாது என்பதுதான் அவருடைய கொள்கை. டி.வி. ரிமோட்டுக்குப் பாலித்தீன் உறை போட்டிருப்பார். சோபாவைச் சுற்றி, கடையிலிருந்து வந்த அன்று இருந்த அதே பிளாஸ்டிக். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை நல்லது கெட்டதுக்கு ஆகும் என்று எடுத்துவைத்தார். இப்போது அதற்குள் அவருடைய ஒரு கைதான் நுழையும். இன்வெர்ட்டர் வாங்கலாமே என்றால், வாங்கினால் அதன் பேட்டரி தேயுமே என்பார். தான் விற்ற குண்டான்கள் தேயவே மாட்டேன் என்கின்றன, வாங்கினவர்கள் திரும்பி வருவதில்லை என்று அவருக்கே ஒரு வருத்தம் உண்டு.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சிக்கனத்தில்தான் மகள் மகிமா நர்சிங் படித்தாள், பஹ்ரைனுக்கு வேலைக்குப் போனாள், அங்கேயே வேலை பார்த்த செல்வினைக் கட்டிக்கொண்டாள். ஆனாலும் என்னால் கிண்டல் பண்ணாமல் இருக்க முடியாது. பிறகு மச்சினன் என்று ஒருவன் எதற்கு?

2009-ல் மகிமாவுக்கு அங்கேயே ஆண் குழந்தை பிறந்தது. பேரன் போட்டோவில் மட்டும்தான் போடிக்கு வந்தான். அவன் கை காலை ஆட்டி யாரும் பார்த்ததில்லை. தாத்தா பாட்டி பார்க்கட்டும் என்று செல்வின், லீவில் வந்த நண்பர் ஒருவரிடம் லேப்டாப் கொடுத்துவிட்டார். நான் இன்டர்நெட்டுக்கு டேட்டா கார்டு வாங்கிக் கொடுத்தேன். முதல் தடவை வீடியோவில் கூப்பிட்டபோது பிள்ளை தூங்கிவிட்டது, அடுத்த தடவை சிக்னல் தூங்கிவிட்டது. சரி, ஞானஸ்நானத்தையே நேரடியாகக் காட்டுகிறேன் என்றாள் மகிமா. அங்கே ஆராதனை வெள்ளிக்கிழமைகளில்தான் பெரிதாக நடக்கும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துச் சொன்னாள். அக்கா சொந்தக்காரர்களையெல்லாம் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டாள்.

அன்றைக்குப் பார்த்துப் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது, பராமரிப்பு வேலை என்று பேப்பரில் போட்டிருந்தது. இனி லேப்டாப் பேட்டரியை நம்பித்தான் பிழைப்பு. அதுவோ எத்தனை நேரம் சார்ஜ் போட்டாலும் ஐம்பது சதவீதத்துக்கு மேல் ஏற மாட்டேன் என்றது. அந்தப் பாதியும் ஒரு மணி நேரத்துக்குள் காலியாகிவிடும். ஞானஸ்நானம் கடைசியில்தானே, அப்போது மட்டும் போட்டால் போதாதா என்று கேட்டேன். பிரசங்கம் எப்போது முடியும் என்று எந்தப் போதகருக்குத் தெரியும் என்றாள் அக்கா. தேனிக்கு வந்து நெட் கடையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றேன். பையன்கள் கேம் விளையாடுகிற இடத்திலா என் பேரனைப் பார்ப்பது என்று சீறினாள்.

நான் தேனியில் டி.டி.பி. சென்டர் வைத்திருப்பவன். அதனால் குடும்பத்தில் நான்தான் கம்ப்யூட்டர் டாக்டர். பிளக் பாயின்டை மாற்றினேன். பேட்டரியைக் கழற்றி, அதன் பித்தளைப் பற்களை ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினேன். சுத்தமாகத் தீரவிட்டு முதலிலிருந்து ஏற்றினேன். வாடிக்கையாளர் ஒருவரின் சார்ஜரை இரவல் வாங்கி வந்து போட்டேன். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது. அங்கேயே நின்றுவிடும். பேட்டரி போய்விட்டது, புதுசு மதுரையிலிருந்துதான் வரவேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வராது என்று வியாழக்கிழமை சாயங்காலம் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் அத்தான் கடையை அடைத்துவிட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"அது கெடவெல்லாம் இல்ல மாப்ள. நாந்தான் பாதியோட நிக்கட்டும்னு வச்சேன்."

பெட்டியைப் பிரித்த அன்று திரையில் ஒரு கட்டம் வந்ததாம். முழுக்க ஏற்றலாம், எண்பதோடு நிறுத்தலாம், ஐம்பதோடு நிறுத்தினால் பேட்டரி நெடுநாள் உழைக்கும் என்று இருந்ததாம். தன் மனசு தெரிந்த கம்பெனிக்காரன் உலகத்தில் ஒருவனாவது இருக்கிறானே என்று பூரித்துப்போய் ஐம்பதில் டிக் போட்டுவிட்டார்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கோபமாகக் கேட்டேன்.

"நீ கழட்டுற, மாட்டுற. தொடச்சுப் பத்திரமா வைக்கிறன்னு நெனச்சேன்" என்றார்.

செட்டிங்குக்குள் தேடிப்போய்ப் பார்த்தால், அந்த டிக் அங்கேதான் இருந்தது. நூறுக்கு மாற்றப் போனேன். அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். கடையில் பேரம் பேசுகிற அதே முகத்தோடு எண்பதுக்கு வை, போதும் என்றார். அக்கா எழுந்து வந்தாள்.

"பிள்ளைய இன்னும் கண்ணால பாக்கல. நீங்க பேட்டரியப் பாக்குறீக."

அத்தான் கையை எடுத்துவிட்டார். நான் நூறில் வைத்தேன்.

மறுநாள் சொன்னபடி கரண்ட் போனது. வியர்க்க வியர்க்கச் சொந்தமெல்லாம் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்தேன். பாட்டு வந்தது, ஜெபம் வந்தது, அக்கா பயந்தபடியே பிரசங்கம் நீண்டது. ஒருவழியாகப் போதகர் பிள்ளையைக் கையில் வாங்கியபோது படம் அப்படியே உறைந்துவிட்டது. முதலில் பிள்ளை வீறிட்டு அழுகிற சத்தம் வந்தது, பிறகுதான் தலையில் தண்ணீர் வழிகிற படம் வந்தது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் சாப்பிட எழுந்தார்கள். பேட்டரியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அத்தானுக்குப் பிடித்த காரியம் செய்கிறோம் என்று நினைத்து, மூடிவிடட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றார்.

அங்கே மகிமா பிள்ளையை மடியில் வைத்துக் கேமராவுக்கு நேராக உட்கார வைத்திருந்தாள். அவன் முஷ்டியைச் சப்பிக்கொண்டே இங்கே பார்த்தான். அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அவனைப் பார்த்தார். பந்தியிலிருந்து அக்கா ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் எழவில்லை. பேட்டரி தீரப்போகிறது என்று திரையில் எச்சரிக்கை வந்தது. என்னைக் கேட்காமலே அவர் ஓகே கொடுத்துவிட்டார். பேரன் வாயிலிருந்து கையை எடுத்தான், என்னவோ சத்தம் கொடுக்கப் போனான், திரை இருட்டாகிவிட்டது.

அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, இதுக்குத் தோதா இன்னொரு பேட்டரி விக்கிறானா?"